தாய்மாமனுக்குப் பதிலாள்

1

போன சித்திரையில் ஒரு காலை. கொலோன் நகரத்தில் என் வீட்டுச் சமையலறையில் காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து விழுந்தது. அனுப்பியவள் என் தங்கை சிவகாமி. அவள் மகள் கயல்விழிக்கு ஆவணியில் கல்யாணம், காரைக்குடியில். பிள்ளையார் படம், மஞ்சள் கரை, இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் பெயர் எல்லாம் முறைப்படி இருந்தன. வெளிநாட்டில் இருப்பவர்கள் பத்திரிகை படிக்கும் விதமே வேறு. மணமக்கள் பெயரை அப்புறம் பார்ப்போம், முதலில் நம் பெயரைத் தேடுவோம்.

தாய்மாமன் என்று போட்டிருந்த இடத்தில் கருப்பையா, மின்வாரியம் என்று இருந்தது. என் பெயர் கீழே, நல்வரவை விரும்புகிறவர்கள் கூட்டத்தில், ஒரு டிராக்டர் உரிமையாளருக்கும் ஓய்வுபெற்ற பஸ் நடத்துநருக்கும் நடுவில் கிடந்தது. பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ஜெர்மனி என்று மரியாதை செய்திருந்தார்கள்.

கருப்பையா என் சித்தப்பா மகன். என்னைவிட ஒரு வயது இளையவன், லைன்மேன். நல்லவன். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் சிவகாமிக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் ஒரு பெண்பிள்ளைக்குக் காது குத்தமாட்டார்கள், சடங்கு வைக்கமாட்டார்கள், மணமேடைக்கு அழைத்துவர மாட்டார்கள். அந்த இடத்தில் இன்னொருவன் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. உடனே கூப்பிட்டேன்.

"என்ன சிவகாமி, பிரஸ்ஸுல தப்பாப் போட்டுட்டானா?"

"என்னண்ணே தப்பு?"

"மாமன் பேரு."

 நிதானமாகச் சொன்னாள். "தப்பெல்லாம் இல்லண்ணே. மாப்ள வீட்டுல கேட்டாக, தாய்மாமன் வருவாகளான்னு. வருவாகன்னு நான் எந்த வாயால சொல்றது? காது குத்துக்கு வந்தியா, சடங்குக்கு வந்தியா? சபையில மாமனக் கூப்புடுறப்ப ஆளு இல்லாம நிக்கவா?"

"அதுக்குத்தான் கருப்பையாவ அனுப்புனேன்ல?"

"அனுப்புன. அதேன் கருப்பண்ணே பேரப் போட்டுருக்கேன்."

 பாத்திரத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. "ஆவணிக்கு வாரேன். நானே வந்து செய்யிறேன்" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன்.

"வந்தா நீயே செய்யிண்ணே. கருப்பண்ணே ஒண்ணும் நெனக்காது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

2

பதிலுக்கு ஆள் அனுப்புவது என் தொழிலில் ஒரு கௌரவமான ஏற்பாடு. அதைச் சொன்னால்தான் நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியும்.

நான் டிராம்போன் வாசிக்கிறவன். நீளமான பித்தளைக் குழல். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுத்தும் தள்ளியும் சுரம் எடுக்கவேண்டும். புல்லாங்குழலில் இருப்பதுபோலத் துளை கிடையாது, ஆர்மோனியத்தில் இருப்பதுபோலக் கட்டை கிடையாது. இழுப்பில் கோடு எதுவும் போட்டிருக்காது. கை எங்கே நிற்கவேண்டும் என்று காதுக்கும் தோளுக்கும் தெரிந்தால் உண்டு. காரைக்குடியில் பள்ளிக்கூடத்து பேண்டில் என் கை நீளம் என்ற ஒரே காரணத்துக்காக டிரில் மாஸ்டர் இதை என்னிடம் கொடுத்தார். சுதந்திர தின அணிவகுப்பில் ஆரம்பித்து, சென்னையில் ஒரு ஹோட்டல், பிறகு ஏழு வருடம் சுற்றுலாக் கப்பல்களில் வாசிப்பு, கப்பலில் பாட வந்த பிர்கிட் என்ற ஜெர்மன்காரியோடு கல்யாணம், அவள் ஊரான கொலோன் என்று இழுத்துக்கொண்டே வந்துவிட்டது.

ஊரில் 'பேண்டு வாசிக்கிறாரு' என்பார்கள். அதில் பொய்யில்லை. ஜாஸ் என்றால் என்னவென்று சிவகாமி வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். பத்துப் பதினைந்து பேர் ஒரே பாட்டை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு முறை எழுந்து நின்று, தனக்குப் பட்டபடி அதைச் சொல்லிவிட்டு உட்கார்வது என்றேன். "எங்க ஊர்க் கூட்டம் மாதிரின்னு சொல்லுங்க" என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

இந்தத் தொழிலில் ஒருவனுக்கு ஒரே நாளில் இரண்டு கச்சேரி வரும், காய்ச்சல் வரும், பிள்ளை பிறக்கும். அப்போது குழுவுக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்காரக்கூடாது. நம் நாற்காலிக்கு ஓர் ஆளை நாமே தேடி அனுப்பவேண்டும். போனவன் நன்றாக வாசித்தால் நமக்குத்தான் பேர். கொலோனுக்கு வந்த புதிதில் எனக்கு வேலையே அப்படித்தான் கிடைத்தது. ஒரு வானொலி இசைக்குழுவில் ஹெல்முட் என்பவர் வாசித்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு உடம்பு சரியில்லாததால் அடிக்கடி என்னை அனுப்பினார். பதிலாள் விஷயத்தில் அவர் எனக்குச் சொல்லித்தந்தவை இரண்டு. நேரத்துக்கு வராதவனை அனுப்பாதே. உன்னைவிட நன்றாக வாசிப்பவனை அனுப்பவே அனுப்பாதே. இரண்டாவதைச் சொல்லும்போது சிரித்தார்.

முதலில் மாதத்துக்கு ஒரு நாள் போனேன், பிறகு வாரத்துக்கு ஒரு நாள். ஒரு கட்டத்தில் குழுவின் மேலாளர் ஹெல்முட்டைக் கூப்பிடாமல் நேராக என்னையே கூப்பிட ஆரம்பித்தார். யாரும் யாரையும் நீக்கவில்லை, கடிதம் எதுவும் வரவில்லை. ஹெல்முட் ஓய்வு வாங்கிக்கொண்டபோது நாற்காலி எனக்கு வந்தது. ஒருநாள் அவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, தோளைத் தட்டிவிட்டுப் போனார். அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. என் சந்தோஷத்தில் நான் அதைப் பார்க்கவில்லை.

3

கயலுக்குக் காது குத்தியபோது நான் கரீபியக் கடலில் இருந்தேன். ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தது. கரையிறங்கிய ஒரு துறைமுகத்தில் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று கருப்பையாவைப் பிடித்தேன்.

"டேய் கருப்பு, எனக்குப் பதிலா நீ உக்காந்துரு."

"நான் எப்புடிண்ணே? ஒங்க மடியில வச்சுத்தான குத்தணும்?"

"என் மடியா இருந்தா என்ன, ஒன் மடியா இருந்தா என்ன? எல்லாம் ஒரே மடிதான்."

"சரிண்ணே. நீக சொன்னாச் சரி."

நானும் கச்சேரிக்கு ஆள் கிடைத்த திருப்தியோடு கப்பலேறிவிட்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு போட்டோ வந்தது. மொட்டைத் தலையோடு குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது. ஒரு கை கருப்பையாவின் சட்டைப் பையைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. அவனும் அழுதிருக்கிறான், கண் சிவந்திருந்தது. அந்தப் போட்டோவைக் கப்பலில் எல்லோரிடமும் காட்டி, என் தங்கை மகள் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

கயல் பெரியவளானபோது எனக்கு வானொலிக் குழுவில் வேலை உறுதியாகும் காலம். அந்த வாரத்தில் போகிறேன் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. தாய்மாமன்தான் பச்சை ஓலை வெட்டிவந்து பிள்ளை தனியாக இருக்கக் குச்சுக் குடிசை கட்டித் தரவேண்டும். கருப்பையாவைக் கூப்பிட்டு, ஓலைக்கு ஏற்பாடு பண்ணு என்றேன்.

"ஓலையெல்லாம் வெட்டியாச்சுண்ணே. குச்சுகூட பாதி கட்டிட்டேன்" என்றான்.

அதாவது சிவகாமி என்னைக் கூப்பிடும் முன்பே அவனைக் கூப்பிட்டிருந்தாள். வேறு எந்த நாற்காலியில் இப்படி நடந்திருந்தாலும் எனக்கு விளங்கியிருக்கும். நான் அந்த வழியில் வந்தவன்தானே. ஆனால் அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வாரம் நன்றாக வாசித்தேன், வேலையும் நிரந்தரமானது.

நான் ஊருக்கே வராதவன் என்று நினைத்துவிடாதீர்கள். நாலைந்து தடவை வந்திருக்கிறேன். பெட்டி நிறைய சாக்லேட் கொண்டுவந்தேன், பிள்ளையார்பட்டிக்கு எல்லோரையும் கூட்டிப்போனேன், கயலுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் எனக்குத் தோதான மாதத்தில். அவர்களுக்கு நான் வேண்டியிருந்த நாள் ஒன்றில்கூட நான் அங்கே இல்லை.

4

விடுப்புக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு படிவம் இருக்கிறது. சொந்தக் கல்யாணத்துக்கு ஒரு கட்டம், பெற்ற பிள்ளை கல்யாணத்துக்கு ஒரு கட்டம், சாவுக்கு மூன்று கட்டம். தங்கை மகள் கல்யாணத்துக்கு எதுவும் இல்லை. அலுவலகத்து அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உறவு என்ன என்று கேட்டார். பெண்ணின் அம்மாவுக்குச் சகோதரன் என்றேன். மாமா என்றால் மாமா என்று சொல்லுங்களேன் என்றார். அந்த ஊரில் அத்தை புருஷனுக்கும் சித்தப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் ஒரே சொல்தான். பெண்ணை நான்தான் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போக வேண்டும் என்று விளக்கினேன்.

"நீங்கள் போகாவிட்டால் கல்யாணம் நின்றுவிடுமா?"

"நிற்காது."

"உங்களுக்குப் பதில் வேறு யாராவது செய்யலாமா?"

இருபத்திரண்டு வருடமாகப் பேசுகிற மொழி அந்த இடத்தில் என்னைக் கைவிட்டது. ஒரு வாக்கியத்தை மூன்று தடவை தொடங்கினேன். கடைசியில், "செய்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் சிறப்பு விடுப்பு என்பதை அடித்துவிட்டு, சாதாரண விடுப்பு என்று எழுதிக்கொண்டார். சரியாகத்தான் எழுதினார்.

கல்யாண வாரத்தில்தான் எங்கள் இசைப் பருவத்தின் முதல் கச்சேரி. அதில் எனக்கென்றே எழுதிய ஒரு பகுதி இருந்தது. அதை யானா என்ற இளம் பெண்ணிடம் கொடுத்தேன். என்னைவிட நன்றாக வாசிப்பாள், தெரிந்தேதான் கொடுத்தேன்.

என் மகள் மீனாள் வேறு ஊரில் படிக்கிறாள். கல்யாணத்துக்கு வருகிறாயா என்று போனில் கேட்டேன். பரீட்சை என்றாள். பிறகு, "ஒரு அட்டையில் பெயர் எங்கே இருந்தால் என்னப்பா? அந்தப் பெண்ணோடு நீ மொத்தம் எத்தனை நாள் இருந்திருப்பாய்?" என்று ஜெர்மனில் கேட்டாள். அவளிடம் நான் தமிழில் பேசுவேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். இந்த ஏற்பாடு எப்போது வந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. முறை, உரிமை என்று நான் ஏதோ பேசிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் பள்ளிக்கூட விழாக்களுக்கு நீயும் அம்மாவும் கச்சேரிக்குப் போய்விட்டு, கீழ்வீட்டு உல்ரிகேயைத்தானே அனுப்புவீர்கள்? உல்ரிகே எனக்குப் பிடித்தவள்தான்" என்றாள். அவள் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். 

5

முப்பது வருடத்தில் முதல்முறையாகக் கையில் குழல்பெட்டி இல்லாமல் விமானம் ஏறினேன். திருச்சியில் கருப்பையா கார் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். மீசை நரைத்திருந்தது, வேட்டி சட்டையில் எடுப்பாக இருந்தான். புதுக்கோட்டை வரைக்கும் மழை, வெயில், மின்வாரியம் என்று பேசிக்கொண்டு வந்தவன், ஊர் தாண்டியதும் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"கோவமாண்ணே?"

"எதுக்குடா?"

"பத்திரிகையில என் பேரு. நான் வேணாம்னுதான் சொன்னேன். சிவகாமி கேக்கல. நாளைக்கு நீகதான் பிள்ளையக் கூட்டிட்டு வாரீக. எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காகத்தானே இத்தனை தூரம் வந்திருக்கிறேன். நான் பேசாமல் இருந்ததை அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டு, விவரம் சொல்ல ஆரம்பித்தான்.

"உள்ள போனவொடனே மாலையப் போட்றாதீக. மொதல்ல நெத்திப் பட்டத்தக் கட்டுங்க. முடிச்ச கொண்டைக்குக் கீழ போடுங்க, இல்லாட்டி நழுவும். அப்பறம் மால. அப்பறம் வலது கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க. போட்டோக்காரன் நில்லும்பான், நிக்காதீக. ஐயர் கூப்புட்டவொடனே வந்துரணும். கயலுக்குக் காலையில வெறும் வயித்துல தல சுத்தும். ஒரு வாழப்பழம் குடுத்துருங்க."

சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு வந்தேன். என் நாற்காலிக்குப் போகிற புது ஆளுக்கு நானும் இப்படித்தான் சொல்வேன். இரண்டாம் பக்கத்தில் வேகம் குறையும், குழுவை நடத்துகிறவர் கையைப் பார்க்காதே, டிரம்மைக் கேள் என்று. யானாவுக்கு அதைச் சொல்லி நாலு நாள்கூட ஆகவில்லை. திருமயம் கோட்டை தெரியும்போது எனக்கு உறைத்தது. நாளைக்குக் கயல் கல்யாணத்தில் பதிலாள் நான்தான். வருத்தமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. புது இடத்தில் வாசிக்கப் போகிறவனுக்கு வருகிற அதே பயம்.

6

காலை ஏழரைக்கு முகூர்த்தம். பைபாஸ் பக்கம் புதிதாகக் கட்டிய மஹால். மணப்பெண் அறைக்குள் போனதும் கயல் எழுந்து, "வாங்க மாமா" என்றாள். இருபத்தாறு வயதுப் பெண். என் அம்மாவின் நெற்றி அவளுக்கு. வாழைப்பழத்தை நீட்டினேன். "சாப்ட்டேன் மாமா. கருப்பு மாமா அப்பவே குடுத்துட்டாக" என்றாள்.

பட்டத்தை எடுத்துக் கட்டினேன். முடிச்சு நழுவியது. பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே அதைச் சரிசெய்தாள். மாலை போட்டேன், வலது கையைப் பிடித்தேன். அறை வாசல் வரைக்கும் நன்றாகத்தான் வந்தோம். அங்கிருந்து பார்த்தால் மேடையும் அதற்கு ஏறும் நாலு படியும் தெரிந்தன. கயல் நின்றுவிட்டாள்.

"மாமா, கோச்சுக்க மாட்டீகளே?"

"சொல்லும்மா."

"கருப்பு மாமாவக் கூப்புடுறீகளா? படி ஒசரமா இருக்கு. இந்தக் காலோட எனக்குப் பயமா இருக்கு."

"காலுக்கு என்ன?"

 அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள். தாம்பாளத்தோடு நின்ற சிவகாமி மட்டும் பார்க்கவில்லை. தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"காலேஜுக்குப் போறப்ப வண்டியில இருந்து விழுந்துச்சுல்லண்ணே. முட்டியில பிளேட் வச்சிருக்கு. ஒன்கிட்ட போன்ல சொன்னேனே."

சொல்லியிருப்பாள். நான் கச்சேரிக்குக் கிளம்புகிற நேரமாக இருந்திருக்கும், ஒரு காதில் கேட்டிருப்பேன், உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு என்றும் சொல்லியிருப்பேன். கருப்பையா காரில் அத்தனை விவரம் சொன்னானே, இதை ஏன் சொல்லவில்லை என்று ஒரு கணம் அவன்மேல் எரிச்சல் வந்தது. வீட்டு மனிதர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எனக்குச் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது. அவன் என்னை வீட்டு மனிதன் என்றுதான் நினைத்திருக்கிறான்.

"இரும்மா, கூப்புடுறேன்" என்று சொல்லி அவள் கையை விட்டேன்.

கருப்பையா மஹாலுக்குள் இல்லை. பின்பக்கம் ஜெனரேட்டர் பக்கத்தில், அதற்குக் காவல் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தான். என் கண்ணில் படக்கூடாது என்று அங்கே போயிருக்கிறான்.

"கருப்பு, ஒன்னைய வரச் சொல்றா."

"நீக போங்கண்ணே. நான் இங்குட்டு நிக்கிறேன்."

"நான் போயிட்டுத்தான்டா வாரேன்."

என் முகத்தைப் பார்த்தான்.  தோள் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். எனக்கு அழுகை வந்தது. யார்மேலாவது கோபம் வந்திருந்தால் தேவலை. யார்மேலும் வரவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. கருப்பையாவும் கயலும் படிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அவன் அவள் கையைப் பிடிக்கவில்லை. தன் முன்கையை நீட்டி வைத்திருந்தான், அவள்தான் அதைப் பிடித்திருந்தாள். அவன் ஒரு படி ஏறி நின்றான். அவள் நல்ல காலை முதலில் வைத்தாள், மூச்சு விட்டாள், மற்றக் காலை இழுத்துச் சேர்த்தாள். அவன் அடுத்த படிக்குப் போனான். போட்டோக்காரன் நில்லுங்கள் என்று கத்தினான், இரண்டு பேரும் நிற்கவில்லை. நாலு படியும் ஏறி முடிந்ததும் கயல் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சந்தனம் பூசிய கழுத்தை நீட்டி மேடையைப் பார்த்தவர், என் பக்கம் சாய்ந்தார்.

"பொண்ணக் கூட்டிட்டு வந்தது யாரு தம்பி?"

"தாய்மாமன்" என்றேன்.

"நல்ல பொறுமையாக் கூட்டிட்டு வந்தாரு." கொஞ்ச நேரம் தலையாட்டிவிட்டு, என் கோட்டையும் ஷூவையும் பார்த்தார். "நீக பொண்ணுக்கு என்ன வேணும்?"

"நான் அந்த மாமனுக்கு அண்ணன்" என்றேன்.